பக்கவாதத்திற்குப் பிறகு நடையையும் கவனத்தையும் சேர்த்துப் பழக்குதல்: வீட்டாருக்கான வழிகாட்டி

பக்கவாதத்துக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவரைப் பார்க்க வரும் உறவினர்கள் முதலில் கேட்பது, "நடக்கிறாரா?" என்பதுதான். கூடத்தில் நாலு அடி எடுத்து வைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்ததாக வீட்டார் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் அதே மனிதர் நடந்துகொண்டிருக்கும்போது பேரன் வந்து, "தாத்தா, பீரோ சாவி எங்க?" என்று கேட்டால் சட்டென்று நின்றுவிடுகிறார். பதில் சொல்லி முடித்த பிறகே அடுத்த அடி எழுகிறது. சில வேளை பதிலும் வராமல் அடியும் வராமல் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். காலில் பலம் திரும்பியிருக்கலாம், ஆனால் நடப்பதற்கே அவருடைய கவனம் முழுவதும் செலவாகிவிடுகிறது என்பதுதான் இதன் பொருள். பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிடும் முதியவர்கள் பின்னாளில் அதிகம் விழுகிறார்கள் என்று சுவீடனில் நடந்த ஓர் ஆய்வு 1997-லேயே காட்டியது.

எனவே காலுக்கு ஒரு பயிற்சி, மூளைக்கு ஒரு பயிற்சி என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்வது போதாது என்பதே என் கருத்து. தெருவில் நடப்பவர் வண்டியைக் கவனிக்கிறார், பள்ளத்தைத் தாண்டுகிறார், எதிரே வருபவருக்குப் பதில் சொல்கிறார், வாங்க வேண்டிய சாமானையும் நினைவில் வைத்திருக்கிறார். பழக்கமும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். யாராவது தாங்கிப் பிடித்தாவது எழுந்து நின்று சில அடிகள் நடக்கக்கூடியவர்களுக்காக இதை எழுதுகிறேன். படுக்கையை விட்டு எழவே முடியாதவர்களுக்கு வேறு முறைகள் உண்டு. அவற்றை இயன்முறை சிகிச்சையாளரிடம் நேரில்தான் கற்க வேண்டும்.

தொடங்குவதற்கு முன்

பக்கவாதம் வந்த முதல் நாளிலேயே அடிக்கடி எழுப்பி நடத்தினால் சீக்கிரம் தேறலாம் என்ற எண்ணம் மருத்துவ உலகிலேயே இருந்தது. 2015-இல் வெளியான ஏவர்ட் என்னும் பன்னாட்டு ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் அப்படிக் கடுமையாகத் தொடங்கியவர்களின் நிலை மூன்று மாத முடிவில் மற்றவர்களைவிடச் சற்றுப் பின்தங்கியே இருந்தது. ஆகவே எப்போது தொடங்குவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். அவர் சரி என்ற பிறகு நாளைக் கடத்தக் கூடாது. முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் வருகிறது என்பது உண்மை, அதன் பிறகு கதவு அடைபட்டுவிடுகிறது என்பது உண்மையல்ல. ஓராண்டு கழித்துத் தொடங்கியவர்களும் பலன் பெற்றிருக்கிறார்கள்.

பயிற்சிக்கு உட்காரும்போதே ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். ஓய்வாக இருக்கும்போதே 180/110-க்கு மேல் இருந்தால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம், மருத்துவரிடம் பேசுங்கள். இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை 100-க்குக் குறைவாக இருந்தால் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ கொடுத்துவிட்டுத் தொடங்க வேண்டும். முழுச் சாப்பாடு சாப்பிட்டவுடன் பயிற்சி ஆகாது. ஒரு மணி நேரமாவது போகட்டும். நெஞ்சுவலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு இவற்றில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்தி உட்கார வைக்க வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணுதல், கை தொங்கிப்போதல், பேச்சுக் குழறுதல், பார்வை மங்குதல் ஆகியவை புதிதாகத் தோன்றினால் அது இன்னொரு பக்கவாதமாக இருக்கலாம். அப்போது வாய்வழியாக எதையும் கொடுக்காமல், தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழைக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். வேதாரண்யம் பக்கத்திலிருந்து தஞ்சாவூர் போய்ச் சேரவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும் என்பதால், "கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்க இந்தக் காவிரி டெல்டாப் பகுதியில் நேரமே கிடையாது.

முதல் பாடத்தைத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் போன்ற ஓரிடத்தில், இயன்முறை சிகிச்சையாளர் பக்கத்தில் இருக்கும்போது கற்றுக்கொள்வது நல்லது. போய்வர முடியாதவர்கள், தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் வசதியைப் பற்றி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். ரத்த அழுத்த மாத்திரையும் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையும் ஒரு நாளும் தவறக் கூடாது. எண்ணெய் தேய்ப்பதில் நம்பிக்கை உள்ளவர்கள் தேய்த்துக்கொள்ளட்டும். ஆனால் பாதத்தில் எண்ணெயோடு சிமெண்டுத் தரையில் நிற்க வைக்கக் கூடாது, மாத்திரைக்குப் பதிலாக எண்ணெயை நம்பவும் கூடாது, வலுவிழந்த தோளை யாரும் இழுத்துச் சொடுக்கெடுக்கவும் கூடாது.

முதலில் அளவு

நன்றாக இருக்கிறார், பரவாயில்லை என்ற சொற்களை வைத்து முன்னேற்றத்தைக் கணக்கிட முடியாது. தாழ்வாரத்திலோ வீட்டு வாசலிலோ 10 மீட்டரை அளந்து இரு முனையிலும் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். கோட்டுக்கு இரண்டு அடி முன்பே நடக்கத் தொடங்கச் சொல்லி, ஒரு கோட்டிலிருந்து மறுகோடு வரை எத்தனை நொடி என்று கைப்பேசியில் பாருங்கள். 25 நொடிக்கு மேல் ஆனால், இப்போதைக்கு அவருடைய நடை வீட்டுக்குள் மட்டும் போதுமான நடை. ஏறத்தாழ 12 நொடிக்குள் வந்துவிட்டால், தெருவில் ஓரளவு தடையின்றி நடக்கும் வேகம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். ஊன்றுகோலோ வாக்கரோ வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் அதையே வைத்துத்தான் அளக்க வேண்டும்.

யாரும் பிடிக்காமல் தடுமாறாமல் நடப்பவரானால், சற்று ஓய்வெடுத்தபின் அதே தூரத்தை, தமிழ் மாதங்களைப் பங்குனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லிக்கொண்டே நடக்கச் சொல்லி மறுபடியும் அளங்கள். வெறுமனே 18 நொடியில் நடந்தவர் மாதங்களைச் சொல்லும்போது 27 நொடி எடுத்துக்கொண்டால், அந்த 9 நொடிதான் நாம் குறைக்க வேண்டிய கடன். மாதங்களை எத்தனை இடத்தில் தவறவிட்டார் என்பதையும் எழுதுங்கள், ஏனென்றால் சிலர் வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு கணக்கைக் கோட்டைவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே நேரத்தில், அதே செருப்போடு அளந்தால் போதும்.

இன்னொரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். மண் வாசல் உள்ள வீடாக இருந்தால், காலையில் தண்ணீர் தெளித்துப் பெருக்கி, ஈரம் சற்று இழுத்துக்கொண்ட பிறகு, கோலம் போடுவதற்கு முன் அதில் பத்து அடி நடக்கவிட்டுச் சுவடுகளைப் பாருங்கள். நல்ல காலின் சுவடு குதிகாலும் விரல்களும் பதிந்து தெளிவாக இருக்கும். வலுவிழந்த காலின் விரல் முனையிலிருந்து முன்னால் ஒரு கீறல் ஓடியிருந்தால் பாதம் தொங்குகிறது, தரையைத் தேய்க்கிறது என்று பொருள். அந்தக் கால் செருப்பின் முன்முனை தேய்ந்திருப்பதும் அதையே சொல்லும். அந்தச் சுவடுகளைப் படமெடுத்து மருத்துவரிடம் காட்டினால், கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் தேவையா என்று அவர் முடிவு செய்ய உதவும்.

எழுந்து உட்காரும் பயிற்சி

ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். தொடையும் இடுப்பும் பலம் பெறுவது, இரண்டு காலிலும் எடை சமமாக விழுவது, கழிப்பறைக்கு யாரையும் கூப்பிடாமல் போவது எல்லாமே இதிலிருந்துதான் தொடங்குகின்றன.

கைப்பிடியுள்ள, அசையாத நாற்காலி வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியானால் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும், வழவழப்பான சிவப்புத் தரையில் அது பின்னால் வழுக்கிப்போகும். உட்காரும் உயரம் தொடக்கத்தில் சற்று அதிகமாக இருக்கட்டும். மெத்தை விரித்த பெஞ்சு அல்லது உயரமான திண்ணை நல்லது. கயிற்றுக் கட்டில் ஆகவே ஆகாது, அதன் நடுப்பள்ளம் எழ விடாது. முன்பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து வைக்க வேண்டும். வலுவிழந்த பாதம் நல்ல பாதத்தைவிட ஓரங்குலம் பின்னால் இருக்கட்டும், அப்போதுதான் எடை அந்தக் காலிலும் இறங்கும். இரண்டு கைகளையும் கோத்து முன்னே நீட்டி, மூக்கு கால்விரலுக்கு நேரே வருமளவு குனிந்து எழ வேண்டும். உதவுபவர் எதிரே நின்று கையைப் பிடித்துத் தூக்குவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. அவர் வலுவிழந்த பக்கத்தில் உட்கார்ந்து, அந்த முழங்கால் உள்ளே மடங்காமல் உள்ளங்கையால் தாங்கிப் பிடித்தால் போதும். உட்காரும்போது மூன்று எண்ணும் வரை மெல்ல இறங்க வேண்டும். தொப்பென்று விழுவதில் பயிற்சியில் பாதி வீணாகிறது.

ஐந்து முறையில் தொடங்கி, ஒரு சுற்றுக்கு 10 முதல் 15 முறை வரை கூட்டி, இடையில் ஓய்வு விட்டு இரண்டு மூன்று சுற்றுகள் செய்யலாம். அது எளிதாகிவிட்டால் உட்காரும் உயரத்தைக் குறைக்கலாம். பலப் பயிற்சியை வாரம் இரண்டு மூன்று நாள் செய்தால் போதும் என்றாலும், எழுந்து உட்காருவது அன்றாட வேலையும் என்பதால் தினமும் சில முறை செய்வதில் தவறில்லை.

இதோடு சேர்த்து, சமையலறை மேடையையோ சன்னல் கம்பியையோ பிடித்து நின்று, எடையை இடமும் வலமும் மாற்றுதல், குதிகாலை உயர்த்துதல், நல்ல காலைத் தாழ்வான படியில் வைத்து எடுத்தல் ஆகியவற்றையும் செய்யலாம். கடைசியாகச் சொன்னதில்தான் வலுவிழந்த கால் தனியே உடலைத் தாங்கப் பழகுகிறது.

நடை

உதவுபவர் நிற்க வேண்டிய இடம், வலுவிழந்த பக்கத்தில் அரை அடி பின்னால். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் தோள் மூட்டு மேலும் இறங்கும். கெட்டியான துண்டு ஒன்றை இடுப்பில் இறுகச் சுற்றிக் கட்டி, அதைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வதே பாதுகாப்பு. ஊன்றுகோல் நல்ல கையில் இருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் உயரமே அதன் பிடிக்கு ஏற்ற உயரம். முதலில் கோல், அடுத்து வலுவிழந்த கால், பிறகு நல்ல கால் என்பது வரிசை. படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலுவிழந்த கால் முதலில்.

பழைய டெல்டா வீடுகளில் நிலைப்படிதான் பெரிய கண்டம். ரேழியிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் இரண்டு நிலைப்படிகளைத் தாண்ட வேண்டியிருக்கும், வெளியே வெயிலும் உள்ளே இருட்டுமாக இருப்பதால் கண் பழகுவதற்குள் கால் தட்டிவிடும். படியின் விளிம்பில் மஞ்சள் பெயிண்டால் ஒரு பட்டை தீட்டி, நிலைக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி அடித்து, படிக்கு முன்னே முழுமையாக நின்று, பிறகு தாண்டப் பழக்க வேண்டும். பாயையும் சாக்கையும் வழியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கிணற்றடியிலும் கொல்லைப்புறத்திலும் பாசி பிடிக்கும். அதைத் தேய்த்துக் கழுவும் வரை அந்தப் பக்கம் நடை வேண்டாம். வேட்டியை மடித்துக் கட்டுவதோ கால்சட்டை போடுவதோ நல்லது. திரும்பும்போது ஒரே காலில் சுழலாமல், சிறு சிறு அடிகளாக வட்டமிட்டுத் திரும்பச் சொல்லுங்கள். விழுபவர்களில் பலர் திரும்பும்போதுதான் விழுகிறார்கள்.

எவ்வளவு நேரம்? தொடக்கத்தில் ஐந்து நிமிடம், ஓய்வு, மறுபடி ஐந்து நிமிடம். வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள், நாளுக்கு மொத்தம் 20 நிமிடத்திலிருந்து மெல்லக் கூட்டிக்கொண்டே போகலாம். நாடியை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் நாடித்துடிப்பை அடக்கிவைக்கும். நடந்துகொண்டே இரண்டு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாடும் அளவுக்கு மூச்சு மிச்சமிருக்கக் கூடாது. அதுவே சரியான கடுமை. சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

அடிகள் சீரில்லாமல் ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும் விழுபவர்களுக்குத் தாளம் பெரிதும் உதவும். ஒலியின் சீரான தட்டுக்கு அடி வைப்பது நடையின் வேகத்தையும் சீரையும் கூட்டுகிறது என்பது பல ஆய்வுகள் உறுதிசெய்த செய்தி. நாகஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்குக் கைப்பேசிச் செயலி எதற்கு? பக்கத்தில் நடப்பவர் தொடையில் தட்டி "த-க-தி-மி" என்று சொல்ல, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அடி விழட்டும். அவருடைய இயல்பான வேகத்தில் தொடங்கி, சில நாள் கழித்துச் சற்றே விரைவுபடுத்தலாம்.

நடக்கும்போதே யோசித்தல்

பக்கவாதத்துக்குப் பிறகு மறதியைவிட அதிகமாகத் தென்படுவது கவனம் சிதறுவதும், யோசனை மெதுவாவதும், ஒரு வேலையை வரிசையாகத் திட்டமிட முடியாமல் போவதுமே. கனடாவின் வான்கூவரில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பக்கவாதம் வந்து ஓராண்டுக்கு மேலானவர்கள் 6 மாதம், வாரம் இரண்டு முறை பல வகைப் பயிற்சிகளைச் செய்தபோது அவர்களுடைய சிந்தனைத் திறன் மேம்பட்டது. பயிற்சி நின்று 6 மாதம் ஆனபோது அந்த வேறுபாடு நிலைக்கவில்லை. உடலை அசைப்பதே மூளைக்கும் மருந்து என்பதோடு, நிறுத்தக் கூடாத மருந்து என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

சேர்த்துப் பழகுவதற்கு ஒரு விதி உண்டு: யாரும் பிடிக்காமல் 10 மீட்டர் தடுமாறாமல் நடக்கும் வரை, கணக்கும் கேள்வியும் உட்கார்ந்த நிலையில்தான். பிறகு நின்றுகொண்டு. அதன் பிறகே நடந்துகொண்டு, அதுவும் முதல் சில நாள் உதவுபவர் இடுப்புத் துண்டைப் பிடித்தபடி. தடுமாற்றம் வந்தால் கேள்வியை விட்டுவிட்டு நடையைக் கவனிக்க வேண்டும் என்பதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்விகள் அவருடைய வாழ்க்கையிலிருந்து வர வேண்டும். விவசாயியிடம் 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய மாதிரி முகம் சுளிப்பார். "மூணரை மாவுக்கு எத்தனை குழி, பெரியப்பா?" என்று கேளுங்கள்; மாவும் குழியும் நில அளவுகள், மாவுக்கு 100 குழி என்பது அவருக்கு உறக்கத்திலும் தெரியும், 350 என்ற விடையை நடந்துகொண்டே சொல்வதுதான் பயிற்சி. ஏழு கல நெல்லுக்கு எத்தனை மரக்கால் என்பது அடுத்த படி. ரயிலில் போய்வந்து பழகியவரிடம் தஞ்சாவூரிலிருந்து பாபநாசம், கும்பகோணம், திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை என்று ஊர்களை வரிசையாகச் சொல்லச் சொல்லி, மறுநாள் மயிலாடுதுறையிலிருந்து திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பேச்சு குழறுபவரைப் பேசச் சொல்லி வருத்தாமல், கையில் பாதியளவு தண்ணீர் உள்ள டம்ளரைக் கொடுத்துச் சிந்தாமல் நடக்கச் சொல்லலாம். "மணி" என்றால் நில், "தாளம்" என்றால் நட என்று கட்டளைச் சொற்களை வைத்து, இடையே அவற்றை மாற்றியும் விளையாடலாம். ஆறு விடைகளில் ஒன்றோ இரண்டோ தவறுகிற அளவுக்குக் கேள்வி கடினமாக இருக்க வேண்டும். எல்லாமே சரியாக வந்தால் அது பயிற்சியாகாது, எல்லாமே தவறினால் நாளைக்கு அவர் எழவே மாட்டார்.

மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் சிலர் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே கவனிக்க மாட்டார்கள். இலையின் இடப்பக்கத்துக் கூட்டு தொடப்படாமல் கிடக்கும், இடத் தோள் கதவில் இடிக்கும். இவர்களை நடத்தும்போது வழியின் இடப்பக்கத்தில் கிண்ணம், புத்தகம், வாழைக்காய் என்று பொருள்களை வைத்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குப் பல்லாங்குழியும் தாயமும் நல்லவை. நாளெல்லாம் கோலம் போட்ட கைக்குச் சிலேட்டில் புள்ளி வைத்துக் கோடிழுப்பது கையையும் கணக்கையும் ஒருசேரப் பழக்கும்.

வீட்டாரின் அன்பு

"நீங்க உக்காருங்க, நான் எடுத்துட்டு வரேன்" என்ற சொல்லில் உள்ள அன்பை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாளில் பத்து முறை அது சொல்லப்பட்டால் பத்து முறை எழுந்து நடக்கும் வாய்ப்பு பறிபோகிறது. கண்ணாடி, செய்தித்தாள், மாத்திரை டப்பா ஆகியவற்றைச் சற்றுத் தொலைவில் வைத்து, அவரே நடந்து போய் எடுக்கட்டும். இன்றைய மாத்திரையை அவரே எண்ணி எடுத்து வைத்துவிட்டு, நீங்கள் சரிபார்த்தால் போதும்.

ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு வருகிறது. பயிற்சிக்கு வர மறுப்பதைப் பிடிவாதம் என்று ஏசுவதற்கு முன், தூக்கம், பசி, அழுகை எப்படியிருக்கிறது என்று பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை உண்டு. சோம்பல் அல்லாத, உண்மையான உடற்களைப்பும் இந்த நோயின் பகுதிதான். களைப்பு குறைவாக இருக்கும் காலை வேளைக்குக் கடினமான பயிற்சியை வையுங்கள்.

வாசலைத் தாண்டி

வீட்டுக்குள் சேர்த்துப் பழகியது கைகூடியபின் தெருவுக்கு வரலாம். முதலில் ஆளரவமில்லாத நேரத்தில் நான்கு வீடு தாண்டித் திரும்பி வருவது. அடுத்து, கடையில் மூன்று சாமான் வாங்கி மிச்சக் காசைத் தானே எண்ணி வாங்கி வருவது. பட்டியலை எழுதிக் கொடுக்காமல் சொல்லி அனுப்புங்கள், உடன் போகிறவர் வாயைத் திறக்காமல் வர வேண்டும். அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் காயப் போட்டிருப்பார்கள், அதன்மேல் கால் வைத்தால் வழுக்கும். சுற்றிப் போகும் வழியை அவரே தேர்ந்தெடுக்கட்டும். வரப்பில் நடப்பது இப்போதைக்கு வேண்டாம். அகலமான கோயில் வெளிப்பிராகாரம், கூட்டமில்லாத நாளில், மாலை வேளையில் நடக்கத் தக்க இடம்: தரை சமமாக இருக்கும், உட்காரத் திண்ணை இருக்கும், நான்கு மூலைகளிலும் திரும்பும் பயிற்சியும் கிடைக்கும். வெறுங்காலோடு நடக்க வேண்டியிருப்பதால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் கல் சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். ஸ்பிளிண்ட் அணிபவர்கள் அதைக் கழற்றிவிட்டு அங்கே நடக்கலாமா என்று சிகிச்சையாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.